முதல் தண்ணீர்ப் பை வாங்கும் முன்: வேலூர்ப் பக்கம் ஓடுகிறவர்களுக்கும் மலை ஏறுகிறவர்களுக்கும்

வேலூரைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் பட்டியல் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று அது நீண்டுகொண்டே போகும். காலையில் ஓடப் போகிறவருக்கும் லீவு நாளில் மலை ஏறுகிறவருக்கும் அதில் முதல் இரண்டும் முக்கியம். பல பாதைகளில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்காது, ஒதுங்க நிழலும் இருக்காது. கையோடு கொண்டுபோனதுதான் தண்ணீர்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஓட்டம் பழகுகிறவர்கள் சீக்கிரமே ‘ஹைட்ரேஷன் பேக்’ எனப்படும் தண்ணீர்ப் பையைத் தேட ஆரம்பிக்கிறார்கள். முதுகில் மாட்டிக்கொண்டால் போதும், நிற்காமலே குடித்துக்கொண்டு போகலாம். நல்ல பொருள்தான். ஆனால் முதல் தடவை வாங்குகிறவர்களில் பலரும் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். இரண்டு வாரம் ஆட ஆட முதுகில் சுமந்து, தோள் உரிந்து, கழுவச் சோம்பிப்போய், கடைசியில் பை பரணுக்குப் போய்விடுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுத்த தண்ணீர் கிடைக்கும் இடம் வரைக்கும் தாங்குகிற பைகளில் எது மிகச் சின்னதோ, அதை வாங்குங்கள். இனி வரும் படிகள் எல்லாம் அந்தப் பையைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: உங்கள் பாதையில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் பாதைகளையும் அடுத்த ஆறு மாதத்தில் போக ஆசைப்படும் பாதைகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் கிடைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சமதளத்தில் 20 நிமிடத்தில் ஓடிவிடும் தூரம் மலையில் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கோட்டையைச் சுற்றியோ நேதாஜி விளையாட்டரங்கத்திலோ ஓடுகிறவருக்குப் பையே தேவையில்லை. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரப் போகிறீர்கள், பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு ஓடலாம். ராணுவத் தேர்வின் 1600 மீட்டர் ஓட்டத்துக்குப் பழகும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. அந்தப் பயிற்சிக்கு வேண்டியது நல்ல ஷூ. பைக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடுங்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் கடைகள் உண்டு, சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறையும் கையில் ஒரு சின்ன பாட்டிலும் போதும்.

கதை மாறுவது மலைகளில்தான். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். இப்போது ரோப் கார் வந்துவிட்டாலும் பயிற்சிக்காகப் படி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கவலை தண்ணீரைவிடக் குரங்குகளைப் பற்றித்தான், அதைப் பிறகு சொல்கிறேன். ஏலகிரியில் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறும் பாதை நீளம் குறைவுதான், ஆனால் ஏற ஆரம்பித்த பிறகு தண்ணீர் கிடைக்கும் என்று நம்ப முடியாது. பர்வதமலை இன்னும் கடினம். கடப்பாறைப் படி, ஏணிப்படி என்று இரண்டு கையாலும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் வரும். கையில் பாட்டில் வைத்துக்கொண்டு அங்கே போகவே கூடாது. ஜவ்வாது மலைப் பாதைகளில் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி அதிகம். காப்புக்காட்டுக்குள் நுழைவதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்த பிறகு, எல்லாப் பாதைகளுக்கும் இடைவெளி 45 நிமிடத்துக்குள் இருந்தால் கையில் பிடிக்கும் பாட்டில் போதும், நீங்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிற பாதை ஒன்றாவது அடிக்கடி வந்தால் மேலே படியுங்கள்.

படி 2: உங்கள் உடம்புக்கு எவ்வளவு தண்ணீர்?

இதை நீங்களே வீட்டில் அளந்துவிடலாம். ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, முடிந்தவரை குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள். குடித்த தண்ணீரை அளந்து குடியுங்கள். வந்ததும் வியர்வையைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த அளவைக் கூட்டினால் அதுதான் ஒரு மணி நேரத்துக்கு உங்கள் வியர்வை. 62 கிலோ இருந்தவர் 61.2 கிலோவாக வந்து, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால், வியர்த்தது 1.1 லிட்டர். ஒரு கிலோ ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், இந்தக் கணக்குக்கு அது போதும்.

இதை மார்கழியில் ஒரு தடவையும் சித்திரையில் ஒரு தடவையும் செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும். கத்திரி வெயிலில் பகல் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. விடியற்காலை ஐந்து மணிக்கே புழுக்கம் இருக்கும், வியர்வை காயாமல் சட்டையிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

வியர்த்த அளவு முழுவதையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ ஆளுக்கு அது 1.2 கிலோ. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லிக்குள் கணக்கு அடங்கிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதிகமாகக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. 2005-ல் வெளியான அந்த ஆய்வில், ஓடும்போது அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் என்று தெரிந்தது. முதுகில் மூன்று லிட்டர் இருக்கிறதே என்று தாகமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே போகக் கூடாது. ஓட்டம் முடிந்து பார்க்கும்போது எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

படி 3: எந்த வகை?

சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். கையோடு பட்டை போட்டுப் பிடிக்கும் பாட்டில் ஒன்று, இடுப்பு பெல்ட் ஒன்று. இந்த இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலாவது மலிவு, ஒரு மணி நேரத்துக்குள் ஓடுகிறவருக்கு நிறைவானது. இரண்டாவது சிலருக்குப் பொருந்தும், பலருக்கு வயிற்றில் அழுத்தும். போட்டு ஓடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மூன்றாவது வெஸ்ட். பனியனுக்கு மேல் இறுக்கமாகப் போடும் கையில்லாத மேல்சட்டை மாதிரி இருக்கும். மார்பின் இரண்டு பக்கமும் பைகள், அவற்றில் தலா 500 மில்லி பிடிக்கும் மெல்லிய சாஃப்ட் ஃபிளாஸ்க் இரண்டு. தண்ணீர் குறையக் குறைய ஃபிளாஸ்க்கும் சுருங்கிவிடுவதால் உள்ளே சளசளவென்று ஆடாது. எவ்வளவு மீதி இருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். வழியில் கடை வந்தால் உருவி எடுத்து நிரப்பிக்கொண்டு அரை நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

நான்காவது முதுகுப் பை. உள்ளே ஒன்றரை முதல் மூன்று லிட்டர் பிடிக்கும் பிளாடர் என்னும் ரப்பர் போன்ற பை, அதிலிருந்து தோள் வழியாக ஒரு ட்யூப், நுனியில் கடித்து உறிஞ்சும் வால்வு. இந்த வகை பிறந்த கதை, ஆஸ்பத்திரி ஊரான வேலூரில் சொல்லத் தகுந்தது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில், கொளுத்தும் வெயிலில் 100 மைல் சைக்கிள் ஓட்டப் போன மைக்கேல் எய்ட்சன் என்பவர், நோயாளிகளுக்கு ஏற்றும் சலைன் பையில் தண்ணீர் நிரப்பி, நீளமான காலுறைக்குள் போட்டு, சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார். ட்யூபைத் தோளுக்கு மேலே எடுத்துவிட்டு ஒரு கிளிப் மாட்டினார். அவர் அவசர மருத்துவ ஊழியர். அதிலிருந்து வந்ததுதான் கேமல்பேக் நிறுவனம். அந்தச் சலைன் பையும் கிளிப்பும் இன்றைக்கு பிளாடராகவும் வால்வாகவும் ஆகியிருக்கின்றன, ஏற்பாடு அதேதான்.

எது யாருக்கு? ஓட்டம்தான் முக்கியம் என்றால் வெஸ்ட். ஒரு நாள் முழுக்க மலையில் நடப்பவருக்கும், சைக்கிள் ஓட்டுகிறவருக்கும், பர்வதமலை போல இரண்டு கையும் தேவைப்படும் ஏற்றத்துக்கும் பிளாடர் வைத்த பை. இரண்டும் செய்கிறேன் என்பவர் முதலில் வெஸ்ட் வாங்கட்டும். பல வெஸ்ட்களில் முதுகுப் பக்கம் பிளாடர் வைக்கவும் இடம் இருக்கும், அதைத் தனியாகப் பிறகு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 4: ‘லிட்டர்’ என்று எழுதியிருப்பதில் ஏமாறாதீர்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இது. பையில் ‘5 லிட்டர்’, ‘12 லிட்டர்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பைக்குள் சாமான் வைக்கும் இடத்தின் அளவு. தண்ணீரின் அளவு அது இல்லை. 12 லிட்டர் பையில் 2 லிட்டர் பிளாடர் இருக்கலாம், பிளாடரே இல்லாமலும் இருக்கலாம். தண்ணீர் எவ்வளவு பிடிக்கும், பிளாடர் அல்லது ஃபிளாஸ்க் கூடவே வருமா, தனியாக வாங்க வேண்டுமா என்று இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலையை ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்த பை, பிளாடரையும் சேர்த்தால் மற்றதைவிட விலை கூடிவிடுவதும் உண்டு.

ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் 5 லிட்டர் சாமான் இடமும் ஏராளம். போன், சாவி, ஒரு கடலை மிட்டாய், மெல்லிய மழைச் சட்டை, இவ்வளவுதான் உள்ளே போகப் போகிறது. நாள் முழுக்க மலை என்றால் 2 லிட்டர் தண்ணீரும் 10 முதல் 15 லிட்டர் இடமும் சரியாக இருக்கும். மூன்று லிட்டர் பிளாடர் வாங்கினால், இடம் இருக்கிறதே என்று முழுக்க நிரப்பத்தான் கை போகும். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. ஒவ்வொரு அடிக்கும் அந்த மூன்று கிலோ தோளில் இறங்கி ஏறும். அதைச் சுமப்பதற்கே கூடுதலாக வியர்க்கும்.

படி 5: போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிராண்டைவிட, பொருளைவிட, பாக்கெட் எண்ணிக்கையைவிட, பை உடம்போடு ஒட்டி நிற்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வீட்டில் தையல் டேப் இருந்தால் மார்பின் அகலமான பகுதியைச் சுற்றி, ஓடும்போது போடும் பனியனுக்கு மேலே, அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் அளவுகள் எல்லாம் இந்த மார்பளவை வைத்துத்தான். சட்டை எம் சைஸ் என்பதால் வெஸ்ட்டும் எம் சைஸ் என்று நினைக்க வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால், ஓட்டத்துக்குச் சின்னதையே முதலில் போட்டுப் பாருங்கள். துணி கொஞ்சம் இழுபடும்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் அழகாகத்தான் இருக்கும். தண்ணீரோடு போட்டுப் பார்க்க வேண்டும். “அண்ணா, தண்ணி ஊத்திப் போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டால் பல கடைகளில் சரி என்பார்கள். புது பிளாடரில் ஊற்ற விடாவிட்டால், வீட்டிலிருந்து இரண்டு அரை லிட்டர் பாட்டில் நிரப்பிக் கொண்டுபோய் அவற்றைப் பைக்குள் வையுங்கள். எடை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பட்டைகளை எல்லாம் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் பக்கவாட்டுப் பட்டைகளை இழுங்கள், அப்புறம் மார்புப் பட்டைகள். முதலில் மார்பை இறுக்கிவிட்டால் பை மேலே ஏறிக் கழுத்தில் உரசும். பையின் எடை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், உயரத்தில் உட்கார வேண்டும். அடிப்பகுதி இடுப்பைத் தட்டினால் அது உங்கள் முதுகுக்கு நீளம் அதிகம். இப்போது நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள். மார்பு முழுசாக விரிய வேண்டும், பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

அப்புறம் அங்கேயே குதியுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கப் போகிறீர்கள். நின்ற இடத்திலேயே ஓடுங்கள், கையை மேலே தூக்குங்கள், ஷூ லேஸ் கட்டக் குனியுங்கள். முதுகில் தட்டுகிறதா? குனியும்போது பை தலைக்கு வந்து சரிகிறதா? ஃபிளாஸ்க்கின் அடிப்பகுதி விலா எலும்பில் குத்துகிறதா? கடையில் இரண்டு நிமிடத்தில் லேசாகத் தெரியும் குத்தல், இரண்டு மணி நேர ஓட்டத்தில் பெரிய வலியாகிவிடும்.

பையைக் கழற்றிய பிறகு உள்பக்க விளிம்புகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கழுத்தோரம், அக்குளுக்குக் கீழ், பட்டை தைத்திருக்கும் முனை, இந்த மூன்று இடங்களிலும் தையல் தடித்தோ நைலான் நூல் துருத்திக்கொண்டோ இருந்தால் அந்தப் பை வேண்டாம். நம் ஊர் வெயிலில் வியர்வை காய்ந்து பட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படியும். அந்த உப்போடு கரடுமுரடான விளிம்பும் சேர்ந்து உரசினால் தோல் உரிந்துவிடும், அன்று குளிக்கும்போது எரியும். எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் முதல் சில தடவை கழுத்தோரத்திலும் அக்குளிலும் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்வது நல்லது. கையில்லாத பனியனைவிடக் கை வைத்த டிஷர்ட் பைக்கு ஏற்றது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. யுனிசெக்ஸ் என்று எழுதிய வெஸ்ட்களில் பல, ஆண்களின் மார்பை வைத்து வெட்டியவை. ஃபிளாஸ்க் மார்பின் மேலேயே வந்து அழுத்தும், அல்லது மார்புப் பட்டை தவறான இடத்தில் விழும். பெண்களுக்கென்று தனியாக வடிவமைத்த வெஸ்ட்களில் ஃபிளாஸ்க் பை மேலே தள்ளியோ பக்கவாட்டிலோ இருக்கும், பட்டைகளை மேலும் கீழும் நகர்த்தலாம். ஓடும்போது போடும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். விற்பனைப் பையன் அவசரப்படுத்தினாலும் நிதானமாகப் பாருங்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்டால், வேலூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பது நமக்கு வசதி. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு பக்கமும் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். பெரிய விளையாட்டுக் கடைகள் இரண்டு ஊரிலும் உண்டு. வேறு வேலையாகப் போகும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், திருப்பி அனுப்பும் வசதி இருப்பதை மட்டும் வாங்குங்கள். வந்ததும் வீட்டுக்குள்ளேயே, லேபிளைக் கிழிக்காமல், மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் செய்யுங்கள்.

படி 6: சின்னச் சின்ன பாகங்கள்

பிளாடரின் வாய் அகலமாக இருக்க வேண்டும். மேல் பக்கம் முழுக்கத் திறந்து, மடித்து, ஒரு தண்டை நுழைத்து மூடும் வகையில் கை உள்ளே போகும், ஐஸ் போடலாம், கழுவலாம், காய வைக்கலாம். சின்ன திருகு மூடி வகை கசியாது, ஆனால் உள்ளே மூலைகளில் சேரும் பாசியை எடுக்க முடியாது. நம் ஊருக்கு அகல வாய்தான்.

வால்வுக்குப் பூட்டு இருக்கிறதா பாருங்கள். பூட்டு இல்லாத வால்வு, பையைக் காரில் போட்டதும் அழுந்தி சீட்டையெல்லாம் நனைத்துவிடும். ட்யூபை பிளாடரிலிருந்து ஒரு பட்டனை அமுக்கிக் கழற்ற முடிந்தால் நிரப்புவது சுலபம். மார்புப் பட்டையில் ட்யூபின் நுனியை மாட்ட கிளிப்போ காந்தமோ இருக்க வேண்டும். பர்வதமலையில் சங்கிலியைப் பிடித்து ஏறும்போது தொங்கும் ட்யூப் எதிலாவது மாட்டிக்கொண்டால் சிரமம்.

சோளிங்கர் போகிறவர்கள் கவனியுங்கள். அங்குள்ள குரங்குகளுக்கு வலைத் துணிப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். பிஸ்கட்டும் வாழைப்பழமும் ஜிப் வைத்த பின் பாக்கெட்டுக்குள் போகட்டும், முன்பக்கம் கண்ணில் படும்படி எதுவும் வேண்டாம்.

விசில் இருந்தால் நல்லது, பெரும்பாலான பைகளில் மார்புப் பட்டைப் பக்கிளிலேயே இருக்கும். நிறம் வெளிர்நிறமாக எடுங்கள். போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், முதுகு வியர்வை எந்தத் துணியையும் ஊடுருவும்.

படி 7: என்ன ஊற்றுவது?

பிளாடரில் வெறும் தண்ணீர் மட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சர்க்கரை கலந்த எதுவும் ட்யூபுக்குள் ஒட்டிக்கொண்டு இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி கட்டும். மோர், இளநீர், பானகம் எல்லாம் நல்ல பானங்கள்தான், ஓட்டம் முடிந்து வந்து குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் உப்பு வேண்டும் என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு சாஃப்ட் ஃபிளாஸ்க்கில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஸ்க்கைக் கழுவுவது எளிது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்தது என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், சுவைக்காகக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு உப்புக் கரைசலுக்குப் போங்கள்.

வழியில் நிரப்பும் தண்ணீரைப் பற்றிக் கவனம் தேவை. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளில் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது நாட்டுக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் ஒன்று. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஓடும்போது வயல் கிணற்றிலோ ஆற்று ஊற்றிலோ தண்ணீர் தெளிவாகத் தெரிகிறதே என்று நிரப்பாதீர்கள். பாட்டிலில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் கிருமிகளைத்தான் வடிகட்டும், கரைந்திருக்கும் உப்பையும் ரசாயனத்தையும் பிடிக்காது. கடையில் கேன் தண்ணீர் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்துக்கு ஒரு நல்ல வழி: முந்தின ராத்திரி பிளாடரில் பாதிக்குக் கீழே தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் படுக்க வைத்துவிடுங்கள். காலையில் மீதியைச் சாதாரணத் தண்ணீரால் நிரப்பினால் ஒன்றிரண்டு மணி நேரம் குளிர்ச்சியாக இருக்கும், முதுகுக்கும் இதம். முழுக்க நிரப்பி உறைய வைத்தால் விரிந்து ஒட்டு விட்டுப்போகும். நிரப்பிய பிறகு பிளாடரைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றை ட்யூப் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள், ஓடும்போது சளசளக்காது. குடித்து முடித்ததும் ட்யூபில் மெதுவாக ஊதிவிட்டால் அதில் நிற்கும் தண்ணீர் பைக்குத் திரும்பிவிடும். ஊதாமல் விட்டால் அடுத்த முறை முதல் வாய் வெந்நீராக வரும்.

படி 8: முதல் சில ஓட்டங்கள்

புதுப் பையை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ உங்கள் தெருவிலேயே, அரை லிட்டர் தண்ணீரோடு அரை மணி நேரம் ஓடுங்கள். வந்து சட்டையைக் கழற்றி, தோள் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்துப் பட்டையைச் சரிசெய்யுங்கள். அடுத்த வாரம் முழுத் தண்ணீரோடு. அதன் பிறகு மலை.

தலை சுற்றல், குமட்டல், வெயிலிலும் குளிர்வது போல் நடுக்கம், இதில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி நிழலுக்குப் போய் உட்காருங்கள். கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உங்கள் முதுகில் இருக்கும் தண்ணீரை அவர் தலையிலும் கழுத்திலும் உடம்பிலும் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

படி 9: கழுவுவதும் காய வைப்பதும்

வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு பிளாடரை அலசுங்கள். வாரம் ஒரு தடவை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றி, வால்வைக் கடித்து ட்யூபுக்குள்ளும் அந்தத் தண்ணீர் வரும்படி செய்து, அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். புதுப் பையின் பிளாஸ்டிக் வாடையும் இதிலேயே போய்விடும். போர்த் தண்ணீரில் கழுவுகிற வீடுகளில் உள்ளே வெள்ளைப் படலம் கட்டும், அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீர் போதும். கொதிநீர் ஊற்றக் கூடாது, ஒட்டு இளகிவிடும். பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

காய வைக்கும்போது உள்ளே இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டால் நாள் கணக்கில் ஈரம் போகாது. ஒரு கம்பி ஹேங்கரை வளைத்து உள்ளே நிறுத்தி, நிழலில் தொங்கவிடுங்கள். ஐப்பசி மழையில் எதுவும் காயாத வாரங்களில், தண்ணீரை வடித்துவிட்டு பிளாடரையும் ட்யூபையும் ஒரு கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை வளராது. பையின் துணியை மட்டும் தனியாக, சோப்புத் தண்ணீரில் கையால் கசக்கி, பிழியாமல் காய வையுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் பக்கிள் உடையும்.

முதலில் தேய்வது கடிக்கும் வால்வுதான். அது மட்டும் தனியாகக் கிடைக்கும் பிராண்டாகப் பார்த்து வாங்கியிருந்தால் சின்ன செலவோடு முடிந்துவிடும். பட்டை அறுந்தால், பக்கிள் உடைந்தால் கவலை வேண்டாம், ஷூவும் தோல் பையும் தைக்கிற கை ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் நிறைய உண்டு, தைத்துக் கொடுத்துவிடுவார்கள். பிளாடரில் மட்டும் ஊசி படக் கூடாது. அதில் ஓட்டை விழுந்தாலோ, ட்யூபின் உள்ளே கறுப்பு போகவே இல்லை என்றாலோ, பையை வைத்துக்கொண்டு அதை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.